எதிர்க்கடையின் வாடகை

ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டு மாலை போட்டுப் பேசச் சொல்லாமல், கந்தோரின் இளம் ஆட்கள் நீங்கள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. பேச வந்திருந்தால் நடுவில் ஒருவர் எழும்பி, "ஐயா, அப்ப யாழ்ப்பாணத்திலை கடை வாடகை ஏறுதோ, இறங்குதோ?" என்று கேட்டிருப்பார். நான் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றிருப்பேன். எழுத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனாலும் தப்ப முடியாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தெரியாது. தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடை வாடகை மதிப்பிடும் இந்தத் தொழிலில் தலை நரைத்து, பிறகு அந்த நரையும் கொட்டிப்போன ஒருவன் மனமறிந்து சொல்கிறேன்.

நீங்களே பட்டணத்துக்குள் ஒருதரம் நடந்து பாருங்கள். ஒரு கடையில் 'வாடகைக்கு' என்று எழுதிய பலகை வெயிலில் காய்ந்து எழுத்தே அழிந்துவிட்டது. அதற்குப் பக்கத்துக் கடைக்கு ஆட்கள் முற்பணத்தோடு சண்டை பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே சுவர், ஒரே நடைபாதை, ஒரே வெயில். பூட்டிக் கிடக்கும் கடையின் சொந்தக்காரர் கனடாவில் இருப்பார். குறைத்துக் கொடுங்களேன் என்று கேட்டால், "பூட்டி வைச்சாலும் வைப்பன், குறைச்சுக் குடுத்து மரியாதை கெட மாட்டன்" என்பார். மரியாதைக்கு ஒரு சதுர அடிக்கு என்ன பெறுமதி என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கந்தோரில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு மடித்த குடை. அவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது: கடைசியாக எந்தக் கடைக்குக் கையெழுத்தானதோ, அந்த வாடகைதான் அந்த வீதியின் வாடகை. மற்றதெல்லாம் புழுகு. இரண்டாவது: வாடிக்கையாளரிடம் ஒருநாளும் 'தெரியாது' என்று சொல்லாதே. "தெரியாது எண்ட சொல்லைக் கேக்கிறதுக்கு ஒருத்தரும் எங்களிட்டை வரமாட்டினம். அதை அவை வீட்டிலையே வைச்சிருக்கினம்" என்பார். இந்த இரண்டு விதிகளையும் வைத்துத்தான் நான் பிழைத்தேன். இரண்டும் எனக்கு ஒரே கிழமையில் உடைந்தன. அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன்.

அதற்குமுன் ஒரு சின்னக் கதை. இது இல்லாவிட்டால் பெரிய கதையில் நான் ஏன் அப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டேன் என்பது உங்களுக்கு விளங்காது.

ஒருமுறை பருத்தித்துறையில், கடற்கரைக்குக் கிட்ட, வலையும் கயிறும் இயந்திரச் சாமானும் விற்கிற ஒரு கடைக்கு வாடகை பார்க்கப் போனேன். கடைக்காரர் ஒரு தொகை சொன்னார். சொந்தக்காரர் அதைப் போல இரண்டு மடங்கு சொன்னார். ஒருவர் பொய் சொல்கிறார் என்று எனக்குள் ஒரே கொதிப்பு. இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, "ஆர் சொல்லுறது உண்மை?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "தம்பி வலிகாமத்துத் தோட்டக்காரன் போலை கிடக்கு, கடலைப் பற்றித் தெரியேல்லை" என்றார் கடைக்காரர். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் அடிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அப்போது பாதி வாடகை. கடல் இறங்கினதும் முழு வாடகை. அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். கடைக்காரர் நான் போன காலத்தின் வாடகையைச் சொன்னார். சொந்தக்காரர் நல்ல காலத்தின் வாடகையைச் சொன்னார். ஒரே அறைக்கு இரண்டு வாடகை, இரண்டும் உண்மை.

அன்றைக்கு நான் படித்த பாடம், வாடகையைக் கேட்டால் போதாது, அது ஏன் அந்த வாடகை என்றும் கேட்கவேண்டும் என்பது. படித்தேன், சரி. படித்ததை வேண்டிய நேரத்தில் நினைப்பது வேறு விஷயம்.

இனி பெரிய கதைக்கு வருகிறேன். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குட்டி வீதி. பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள், ஏன் என்று முடிவில் சொல்கிறேன். அந்த வீதியில் மங்கையின் சப்பாத்துக் கடை இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடச் சப்பாத்துகள். பண்டத்தரிப்பு, சங்கானைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற தாய் தகப்பன், பிள்ளையை இறக்கி நேரே அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். மங்கை பிள்ளையின் பெருவிரலுக்கு முன்னால் சப்பாத்தை அமத்திப் பார்த்து, "உது இப்ப சரியாத்தான் இருக்கு, சித்திரைக்குள்ளை கடிக்கும். ஒரு அளவு பெரிசு எடுங்கோ" என்பாள். விற்கிறவள் சொல்வதை வாங்குகிறவர்கள் நம்புகிற கடைகள் பட்டணத்தில் அதிகம் இல்லை. கணவர் முதுகில் சத்திரசிகிச்சை செய்து வீட்டோடு இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைதான் அந்த வீட்டை நடத்தியது.

கடையின் சொந்தக்காரர் லண்டனில் இருக்கும் ஒரு டொக்டர். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்ட மனிதராக இருந்தால் பேரம் பேசலாம், கொஞ்சம் மிரட்டலாம், கொஞ்சம் கெஞ்சலாம். இவரோ ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே வசனத்தைச் சொல்வார்: "வீதியின்ரை வாடகை என்னவோ அதை நீர் எழுதும். எனக்கு ஒரு சதம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." நான் எழுதுவேன். அவர் அப்படியே ஏற்பார். மங்கையும் அப்படியே கொடுப்பாள். இத்தனை வருடம் அப்படித்தான் போனது.

அந்த வருடமும் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. சாமான் விலையெல்லாம் தலைகீழாகப் போய், சனம் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்த காலம். கடைகளில் கூட்டம் இல்லை. வாடகை இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீதிக்குப் போனேன். போனால், மங்கையின் கடைக்கு நேர் எதிரே புதிதாக ஒரு கைத்தொலைபேசிக் கடை. அதன் வாடகை மங்கையின் வாடகையைப் போல இரண்டு மடங்கு!

நான் நம்பவில்லை. கடைக்காரப் பொடியன் ரூபனைக் கேட்டேன். ஓம் என்றான். சொந்தக்காரரைக் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர், என் ஊர்க்காரர், பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரும் ஓம் என்றார். ஒப்பந்தத்தைக் காட்டினார், கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டேன். "ஓம், அவ்வளவுதானாம். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறம்" என்றார்கள்.

கந்தோரில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். பஸ் நிலையம் திருத்தப் போகிறார்களாம், அதுதான் என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருந்து ஆவணியில் வருகிற சனத்தை நம்பி எடுத்திருக்கிறான் என்றார் இன்னொருவர். அது பின்னேரத்தில் நிழல் விழுகிற பக்கம், நிழல் பக்கத்துக்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். எல்லாம் கேட்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. பஸ் நிலையம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தூரம். ஆவணிச் சனம் ஆவணியோடு போய்விடும். நிழலோ, அந்தக் கடை கட்டின நாளிலிருந்து அங்கே விழுகிறது.

மூத்தவரின் முதல் விதிப்படி பார்த்தால் குழப்பமே இல்லை. கடைசிக் கையெழுத்து எதிர்க்கடையுடையது. அதுதான் வீதியின் வாடகை. அதை எழுதினால் என் வேலை முடிந்தது. மங்கையின் கதையும் முடிந்தது.

மங்கை அதை எனக்கு முன்னமே அறிந்திருந்தாள். கடைக்குள் நான் காலை வைக்கவும் கேட்டாள்:

"அண்ணை, டொக்டர் என்னவாம்?"

"வழமை போலைதான். வீதி என்ன வாடகையோ அதை எழுதட்டாம்."

"முன்னுக்குப் பாத்தனீங்களோ?" எதிர்க்கடையைத் தாடையால் காட்டினாள். "உந்த வாடகையை என்னட்டைக் கேட்டால் நான் கடையை விட்டு எழும்பத்தான் வேணும் அண்ணை. தை மாசம் பள்ளிக்கூடம் துவங்கிறதுக்கெண்டு எல்லாம் எடுத்து அடுக்கிப்போட்டன். இவ்வளவு பெட்டியையும் தூக்கிக்கொண்டு நான் எங்கை போக? பின்னுக்குள்ளை ஒரு ஒழுங்கையிலை கடை பாத்தால் பஸ்ஸிலை வாற சனம் என்னைத் தேடி அங்கை வருமோ?"

பிள்ளைகள் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற வாங்கில் இருந்தேன். அந்த வாங்கு சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது. முழங்கால் நாடியைத் தொட்டது. அன்று பின்னேரம் முழுக்க அங்கேயே இருந்து எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் போகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், இந்த வாடகை எங்கிருந்து வருகிறது என்று என் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்ற வீம்பு.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெடியன் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு போனான். ஒரு ஐயா பழைய போனைக் கொண்டுவந்து காட்டி, திட்டு வாங்கிக்கொண்டு போனார். மற்ற நேரமெல்லாம் ரூபன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் மாஸ்ரர் சைக்கிளில் வந்தார். மாதம் முடிகிற நாள், வாடகை வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மாஸ்ரர் உள்ளே போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அதை ரூபனின் கையில் வைத்தார். ரூபன் அதை மேசை லாச்சிக்குள் போட்டான். மாஸ்ரர் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாடகை வாங்க வந்த சொந்தக்காரர், குடியிருப்பவனுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்! என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. கடனாக இருக்குமோ, சீட்டுக் காசாக இருக்குமோ என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். "அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்று மங்கை சொன்னதுகூட இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

அடுத்த நாள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மாஸ்ரருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய் இருந்தேன். ரூபனுக்கு ஏன் காசு கொடுத்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். மாஸ்ரரின் முகம் வெளிறிவிட்டது.

"மெல்லக் கதையும்! பின்னாலை இருக்கிறது எங்கடை ஊர் ஆள்" என்றார். பிறகு என் காதுக்குள் குனிந்தார். "ரூபன் என்ரை தங்கச்சியின்ரை பொடியன். உந்த வாடகையிலை பாதி அவன்ரை, பாதி என்ரை. அவன் முழுசாத் தருவான், நான் பாதியைத் திருப்பிக் குடுப்பன்."

"ஏன் மாஸ்ரர்? ஆரை ஏமாத்த?"

"மகளுக்குப் பேசின இடம் தெரியுமெல்லே, லண்டன் மாப்பிள்ளை. அந்தக் கடை அவளின்ரை சீதனத்திலை போகுது. கடை என்ன வாடகை தருது எண்டு அவை கேட்டவை. உள்ளதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பினம் எண்டு கலியாணம் பேசுறவர் சொல்லிப்போட்டார். என்னாலை வேறை என்ன கூட்டிக் குடுக்க ஏலும், சொல்லும் பாப்பம்? வயலைக் கூட்டலாமோ? நகையைக் கூட்டலாமோ? வாடகையைத்தான் கூட்டலாம்."

"மாஸ்ரர், நீங்கள் கணக்குப் படிப்பிச்ச ஆள்…"

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வை எண்டு சொல்லியிருக்கினம். நான் ஒண்டுதானே சொன்னனான்" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவளுக்கு முந்தி இரண்டு இடம் குழம்பினது உமக்குத் தெரியும். கலியாணம் வாற மாசம். தயவுசெய்து உம்மடை கடுதாசியிலை இதை எழுதிப்போடாதையும்."

மாஸ்ரர் ஒன்றுதான் சொன்னார். மிச்சத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் வீதி சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த கடைச் சொந்தக்காரர்கள், "எதிர்க்கடை அவ்வளவு போகுதெண்டால் எங்கடை கடைக்கு என்ன குறை?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிழலும் இல்லை, பஸ் நிலையமும் இல்லை, ஆவணிச் சனமும் இல்லை. ஒரு கலியாணப் பேச்சு ஒரு வீதியின் வாடகையைத் தூக்கிவிட்டிருந்தது. இதை நீங்கள் எந்தப் படிப்பில் படிப்பீர்கள்?

டொக்டர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். காலையில் கந்தோரில் இருந்து எழுதத் தொடங்கினேன். முதலில் எதிர்க்கடை வாடகையை எழுதினேன். அது பொய் என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன். மங்கை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிற படம் கண்ணுக்குள் வந்தது. கிழித்தேன். பிறகு பழைய வாடகையையே வீதியின் வாடகை என்று எழுதினேன். எதிரே இரண்டு மடங்கு போகிறதாமே, ஏன் அதை விட்டாய் என்று டொக்டர் கேட்பார். காரணம் சொல்லவேண்டும். டொக்டரும் மாப்பிள்ளையின் தகப்பனும் லண்டனில் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடலாமா? அதுவும் லண்டனில் இருக்கிற ஊரின் வாய்! இங்கே நடப்பது எங்களுக்கு முன்னமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாஸ்ரரின் மகளின் மூன்றாவது இடமும் குழம்பினால் அந்தப் பாவம் என் தலையில். அதையும் கிழித்தேன்.

இந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கடை. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கலியாணம். இரண்டு பேரும் ஒரு பிழையும் செய்யாதவர்கள். அன்றைக்கு நான் மதிப்பீட்டாளன் என்ற எண்ணமே எனக்கு இல்லை. கந்தோர் மேசையில் இருக்கிற ஒரு பயந்த மனிதன், அவ்வளவுதான்.

மூன்றாவதாக எழுதியது இது: 'இந்த வீதியின் வாடகை இப்போது என்ன என்பது எனக்குத் தெரியாது. எதிர்க்கடையின் வாடகையை அளவாக எடுக்க என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் நிலையிலும் நான் இல்லை. தெளியும்வரை பழைய வாடகையிலேயே விடுவது நியாயம் என்பது என் கருத்து.' மூத்தவர் உயிரோடு இருந்திருந்தால் குடையால் அடித்திருப்பார்.

டொக்டர் அன்றைக்கே கூப்பிட்டார். "நீர் சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டார்.

"சுகந்தான் டொக்டர்."

"இவ்வளவு காலத்திலை நீர் தெரியாது எண்டு எழுதினதே இல்லை. உமக்குத் தெரியாட்டில் வேறை ஆருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு ஒருத்தருக்கும் தெரியாது டொக்டர். கணக்கு இன்னும் அடங்கேல்லை."

டொக்டரும் நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர். ஒருவன் முழுவதையும் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்காமலா இருந்திருக்கும்? ஆனால் கிளறவில்லை.

"சரி. நோய் என்னெண்டு தெரியாமல் நானும் மருந்து குடுக்கிறேல்லை. வருசாவருசம் பாப்பம். தெரிஞ்ச உடனை எனக்குச் சொல்லும்" என்றார்.

நான் ஓடிப்போய் மங்கையிடம் சொன்னேன். பழைய வாடகைதான், இரு என்றேன். அவள் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அந்தச் சின்ன வாங்கில் இருந்துவிட்டாள். "என்னெண்டு அண்ணை?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது எண்டு எழுதினன்" என்றேன். "தெரியாது எண்டதுக்கோ விட்டவர்?" என்று சிரித்தாள். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகையும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்தது.

கலியாணம் சிறப்பாக நடந்தது. நானும் போய் வயிறாரச் சாப்பிட்டேன். இனிமேல் மாஸ்ரர் காசு கொடுப்பதை நிறுத்துவார், எதிர்க்கடை வாடகை பழைய இடத்துக்கு இறங்கும், வீதி தெளியும், அப்போது டொக்டருக்கு நல்ல மனச்சாட்சியோடு எழுதலாம் என்று பாயசத்தைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்.

கணக்கு மாஸ்ரர் வீட்டுப் பாயசம், கணக்கு மட்டும் பிழையாய்ப் போனது. எதிர்க்கடையைக் காட்டிக் காட்டி மற்றச் சொந்தக்காரர்கள் கேட்ட வாடகையை, ஆட்கள் உண்மையாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்கு விசா எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர் வந்தார். பழச்சாறுக் கடை ஒன்று வந்தது. அவர்களைத் தேடி வந்த பெடியங்கள் ரூபனின் கடைக்குள்ளும் நுழைந்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் மாஸ்ரர் என் தோளில் தட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அறிஞ்சனீரோ? ரூபன் இப்ப முழு வாடகையையும் தானே குடுக்கிறான். என்னட்டை ஒரு சதமும் வாங்கிறேல்லை. பாத்தீரோ, நான் சொன்னது பொய்யில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

பொய்யான வாடகை என் கண்முன்னால் மெய்யாகிவிட்டது. அப்படியானால் டொக்டருக்கு இப்போது அதைத்தானே எழுதவேண்டும்? எழுதத்தான் இருந்தேன். அதற்குள் பழச்சாறுக் கடை மூடப்பட்டது. விசாக்காரர் மேல்மாடிக்கு மாறிவிட்டார். அவர் விட்ட கடையைச் சொந்தக்காரர் அதே வாடகைக்குத்தான் தருவேன் என்று பூட்டி வைத்திருக்கிறார், மரியாதை. ரூபன் மட்டும் முழுதும் கொடுத்துக்கொண்டு இருக்கிறான். ஒரு கடை கொடுக்கிறது, ஒரு கடை பூட்டு, ஒரு கடை காலி, ஒரு கடை பழைய வாடகை. இப்போது சொல்லுங்கள், வீதியின் வாடகை என்ன?

டொக்டர் வருடாவருடம் கேட்டார்: "தெரிஞ்சுதோ?" நான் வருடாவருடம் எழுதினேன்: இன்னும் இல்லை. இதில் எனக்குத் தலை சுற்றுகிற இடம் ஒன்று உண்டு. முதல்முறை 'தெரியாது' என்று எழுதியபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அது பொய். பிறகு வந்த வருடங்களில் அதே வசனத்தை எழுதியபோது எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. மாஸ்ரரின் பொய்யைப் போலவே என் பொய்யும் நின்ற இடத்தில் நின்று மெய்யாகிவிட்டது. நான் நேர்மையாக நடந்தேனா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

இதையெல்லாம் எழுத மாஸ்ரரிடம் அனுமதி கேட்டேன். "பேரனும் பிறந்திட்டான், இனி என்ன. மருமகனுக்கும் தெரியும், மகளே சொல்லிப்போட்டாளாம். அவர் விழுந்து விழுந்து சிரிச்சவராம்" என்றார். டொக்டருக்கு மட்டும்தான் இன்னும் முழுக்கதை தெரியாது.

இனி, இத்தனை பக்கம் ஏன் எழுதினேன் என்பதைச் சொல்கிறேன். மங்கையின் ஒப்பந்தம் இந்த மாதம் மறுபடி முடிகிறது. டொக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், இனி கந்தோரில் இருக்கிற இளம் ஆட்களைக் கேளுங்கள் என்றேன். "அவைக்காவது தெரியுமோ?" என்று கேட்டார். அவருடைய கேள்வி உங்கள் மேசைக்கு வந்திருக்கும். பாருங்கள். மூத்தவரின் முதல் விதியைப் பிடித்தால் ஒரு விடை வரும். மரியாதைக்குப் பூட்டி வைத்த கடையைப் பார்த்தால் இன்னொன்று வரும். டொக்டருக்கு முழுக்கதையையும் சொல்வதா வேண்டாமா என்பதும் இனி உங்கள் பாடு. என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லத் தெரிந்தால் எப்போதோ நானே எழுதியிருப்பேன். ஆனால் எழுத முதல் ஒரு பின்னேரம் போய் அந்தச் சின்ன வாங்கில் இருந்துவிட்டு வாருங்கள்.

போன கிழமை நானும் போய் இருந்தேன். தை மாதத்துக்கான பெட்டிகள் கூரை மட்டும் அடுக்கியிருந்தன. மங்கை தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "அண்ணை, புது ஆக்கள் என்ன எழுதுவினம்?" என்று கேட்டாள்.

"தெரியாது மங்கை" என்றேன்.

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் முகம் வாடியது அன்றைக்குத்தான்.